பல் செட்டுக்காகப் பதவி விலகிய அமைச்சர்



சென்ற மாதம் பழைய மாணவர் சந்திப்பில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் கிளம்பியது. ஒருவர் அரசு மருத்துவர். இன்னொருவர் காப்பீட்டுத் துறையில் அதிகாரி. ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "எல்லாருக்கும் வைத்தியம் இலவசம்னு அறிவிச்சா எந்த கஜானா தாங்கும்?" என்றார் அதிகாரி. "இப்ப மட்டும் யார் தாங்குறது? நோயாளி வீட்டு நகைதான் தாங்குது" என்றார் மருத்துவர். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க" என்றார்கள். வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். வகுப்பில் செய்தது போல நடுவில் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

இதே சண்டையை ஒரு நாடு பதினான்கு வருடம் போட்டது. 1942இல் தொடங்கி 1956 வரை பிரிட்டனில் நடந்தது. அமைச்சர்கள் பதவி விலகினார்கள், ஒரு கட்சி இரண்டாகப் பிளந்தது. கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். ஆனால் கதையைச் சொல்லாமல் கணக்குக்குப் போனால் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் பழைய நிலைமை. 1911இல் லாயிட் ஜார்ஜ் ஒரு தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் போட வேண்டும். தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் குடும்ப டாக்டரிடம் காசு கொடுக்காமல் காட்டிக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். ஆனால் அது தொழிலாளிக்கு மட்டும். அவன் மனைவிக்குக் கிடையாது, பிள்ளைகளுக்கும் கிடையாது. சம்பாதிக்கிறவன் படுத்தால்தான் வேலை கெடும் என்று பார்த்தார்கள்.

பெரிய வைத்தியத்துக்கு இரண்டு வகை மருத்துவமனைகள் இருந்தன. ஒன்று, பணக்காரர்களின் நன்கொடையில் நடந்த தர்ம ஆஸ்பத்திரி. இன்னொன்று நகராட்சி நடத்தியது. அதில் பல பழைய அனாதை விடுதிக் கட்டடங்கள். தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிற குடும்பத்தின் வருமானம் என்ன, வாடகை என்ன, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, எவ்வளவு கட்ட முடியும் என்று அவர் முடிவு செய்வார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு தனியார் மருத்துவமனை கவுன்டரில், "சார், முன்பணம் எவ்வளவு முடியும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் அதற்குப் பதில் சொல்லும்போது குரல் தானாகக் குறைந்துபோகிறது. அந்த மேசையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கவுன்டர்தான் நினைவுக்கு வந்தது.

மூக்குக் கண்ணாடியின் கதை இன்னும் வேடிக்கை. உல்வொர்த் என்ற மலிவு விலைக் கடையில் கண்ணாடிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள். என் அப்பத்தா கடைசிவரைக்கும் தாத்தாவின் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு அரிசி புடைத்தார். தாத்தா போன பிறகு அது அவருக்கே சொந்தமாகிவிட்டது. அந்தக் கண்ணாடியில் அவருக்கு என்ன தெரிந்ததோ!

1942 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வில்லியம் பெவரிட்ஜ் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். 1879இல் வங்காளத்தில் ரங்பூரில் பிறந்தவர். அப்பா அங்கே ஐ.சி.எஸ். அதிகாரி. வறுமை, நோய், அறியாமை, அசுத்தமான குடியிருப்பு, வேலையின்மை என்று ஐந்து அரக்கர்களைச் சொல்லி, ஐந்தையும் சேர்த்து ஒழிக்க வேண்டும் என்றார். அரசாங்க அறிக்கையை வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இந்தக் காலத்தில் நம்ப முடியுமா?

அந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது. எல்லாருக்குமான மருத்துவச் சேவைக்கு 1945இல் ஆண்டுக்கு 17 கோடி பவுண்டு ஆகும். 1965இலும் அதே 17 கோடிதான் ஆகும். இருபது வருடத்தில் ஏறவே ஏறாதா என்று கேட்பீர்கள். சேவை வளரும், ஆனால் வைத்தியம் ஒழுங்காகக் கிடைத்தால் நோயாளிகள் குறைவார்கள், இரண்டும் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. படித்த மேதைதான், ஆனால் இந்த இடத்தில் கோட்டை விட்டார். பிழைத்துக்கொண்டவர் மறுபடி நோயாளியாக வருவார் என்பதை எந்த டாக்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

1945 தேர்தலில் சர்ச்சில் தோற்றார். தொழிற்கட்சியின் அட்லி பிரதமரானார். (சினிமா இயக்குநர் இல்லை. நமக்குச் சுதந்திரம் கொடுத்த அட்லி.) சுகாதார அமைச்சராக அனைரின் பெவன் என்பவரைப் போட்டார். வேல்ஸ் நாட்டில் டிரடீகர் என்ற சுரங்க ஊர்க்காரர். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். திக்குவாய் வேறு. அதை வென்று பெரிய பேச்சாளர் ஆனவர். அவருடைய அப்பாவும் நிலக்கரி வெட்டியவர்தான். தூசு நுரையீரலில் படிந்து 1925இல் மகன் கையிலேயே உயிர் விட்டார். அந்த நோய் அன்று தொழில் நோய்ப் பட்டியலில் இல்லாததால் நஷ்டஈடு கிடைக்கவில்லை.

அந்த டிரடீகரில் தொழிலாளர்கள் நடத்திய ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. சம்பளத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்து, சங்கமே டாக்டர்களை அமர்த்தி, குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் பார்த்தது. பெவன் அந்த ஊர் மருத்துவமனைக் குழுவில் இருந்திருக்கிறார். ஊர் அளவில் முடிந்ததை நாட்டு அளவில் செய்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

1946இல் சட்டம் நிறைவேறியது. 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை, அதாவது என்.எச்.எஸ்., நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். டாக்டர்கள் கொதித்தார்கள். எங்களைச் சம்பளக்காரக் குமாஸ்தா ஆக்கப் பார்க்கிறீர்கள் என்றார்கள். 1948 பிப்ரவரியில் அவர்களுடைய சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 40,000 பேர் எதிர்ப்பு, ஆதரவு 5,000கூட இல்லை. பெவன் இறங்கி வந்தார். குடும்ப டாக்டர்கள் அரசு ஊழியர் ஆக வேண்டாம், தங்களிடம் பதிந்திருக்கும் ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம் என்றார். பெரிய நிபுணர்களுக்குச் சம்பளமும் உண்டு, அரசு மருத்துவமனைக் கட்டிலிலேயே தனி நோயாளிகளைப் பார்த்துக் காசு வாங்கவும் அனுமதி உண்டு. அதுவரை டாக்டர்கள் தங்கள் தொழிலை, பலசரக்குக் கடையை விற்பது போல, அடுத்தவருக்கு விற்றுவிட்டுப் போவார்கள். அதைத் தடை செய்து, பதிலுக்கு 6 கோடியே 60 லட்சம் பவுண்டு ஈடு ஒதுக்கினார். நிபுணர்களின் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று அவரே பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள். சீர்திருத்தச் செலவில் இதுவும் ஒரு பகுதி என்பதைக் கவனியுங்கள். "இலவச வைத்தியத்தால் கஜானா காலி" என்று பேசுகிறவர்கள் இந்தத் தங்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஜூலை 5 வந்தது. ஒரே நாளில் 2,600க்கும் அதிகமான மருத்துவமனைகள் அரசுடைமை ஆயின. இரண்டு மாதத்துக்குள் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்துவிட்டார்கள்.

அப்புறம் அணை உடைந்தது. முதல் ஆண்டில் பல் டாக்டர்களிடம் 85 லட்சம் பேர் போனார்கள். 52 லட்சத்துக்கு மேல் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. கண்ணாடிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கருப்பை இறங்கிப்போன நிலையில் பல வருடமாக வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், குடல் இறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்த ஆண்கள் முதல் தடவையாக வந்து உட்கார்ந்ததை அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களை 1911 சட்டம் விட்டுவிட்டது என்று மேலே சொன்னேன் அல்லவா? முப்பத்தேழு வருடம் அந்த வலி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கஜானா அதிகாரிகள் தலையில் கைவைத்தார்கள். போட்ட மதிப்பீடு ஒன்று, ஆன செலவு வேறு. முதல் ஒன்பது மாதக் கணக்கு முடிவதற்குள்ளேயே கூடுதல் பணம் கேட்டு நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடமும் அதே கதை. பத்திரிகைகள் விடுமா? வெளிநாட்டுக்காரர்கள் கப்பலில் வந்து இலவசப் பல் செட்டு மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பேச்சு. இலவசமாகத் தலைமுடி டோப்பா கொடுக்கிறார்கள் என்று இன்னொரு கேலி. தொண்டையில் மருந்து அருவியாய்க் கொட்டுகிறதே என்று பெவனே ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பீடு தவறியது உண்மை. ஆனால் எப்படித் தவறாமல் இருக்கும்? நாட்டில் எத்தனை பேருக்குப் பல் இல்லை என்று யாரிடமும் கணக்கு இல்லை. பல்லே இல்லாமல் இருப்பது சகஜம் என்றிருந்த காலம். வடக்கு இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பல்லை எல்லாம் பிடுங்கி செட்டு மாட்டிவிடுவார்களாம், பிற்பாடு மாப்பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று! சேர்ந்து கிடந்த தேவை முழுவதும் ஒரே வருடத்தில் வாசலுக்கு வந்தது. இது ஒருமுறை வருகிற வெள்ளம், வடியும் என்று பெவன் வாதாடினார். பல்லையும் கண்ணாடியையும் பொறுத்தவரை அது உண்மையாகவும் ஆயிற்று. கட்டணம் வருவதற்கு முன்பே அந்த இரண்டின் செலவும் இறங்கத் தொடங்கியிருந்தது.

1949இல் நிதியமைச்சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு என்று இரண்டு மதிப்பெண் கேள்வி எழுதினீர்களே, அவரேதான். அந்த வருடம் செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்க வேண்டி வந்தது. மிச்சம் பிடிக்க வேண்டுமே. மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்கலாம் என்று சட்டத்தில் இடம் செய்துகொண்டார்கள். ஒரு ஷில்லிங் என்றால் நம் காசில் அப்போது பதினோரு அணா இருக்கும். சட்டம் வந்தது, ஆனால் பெவன் அமைச்சராக இருந்தவரை வசூலிக்கவில்லை.

1950 ஜூனில் கொரியப் போர். அமெரிக்காவோடு சேர்ந்து பிரிட்டனும் ஆயுதம் சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்று வருடத்துக்கு 470 கோடி பவுண்டு! கிரிப்ஸ் உடல்நலம் கெட்டு விலகியிருந்தார். புதிய நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல். ஆக்ஸ்போர்டில் படித்த பொருளாதாரக்காரர், வயது 45. 1951 ஏப்ரல் 10 அன்று தன் முதல் பட்ஜெட்டில், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை இனி நோயாளிதான் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார். அந்த வருடம் அதில் மிச்சமாவது 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. மொத்த பட்ஜெட் 400 கோடிக்கு மேல். சதவீதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

பெவன் அப்போது தொழிலாளர் துறைக்கு மாறியிருந்தார். ஏப்ரல் 22இல் பதவி விலகினார். கூடவே ஹரால்டு வில்சன், ஜான் ஃப்ரீமன் என்ற இரண்டு பேர். பிரதமர் அட்லி அந்தச் சமயத்தில் எங்கே இருந்தார் தெரியுமா? குடல் புண்ணுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார். கட்சியின் பெரியவர் எர்னெஸ்ட் பெவின் (இவர் வேறு, பெவன் வேறு) ஏப்ரல் 14இல் இறந்துபோனார். சமாதானம் பேச ஆள் இல்லை. அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. அதன் பிறகு பதின்மூன்று வருடம் ஆட்சிக்கு வரவில்லை.

ஒரு கோடியே முப்பது லட்சத்துக்காகவா இவ்வளவும் என்று கேட்டால், இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. கெய்ட்ஸ்கெல் ஏழைகளுக்கு எதிரி இல்லை. பணத்துக்கு ஒரு வரம்பு வேண்டும், வரம்பே இல்லாத துறை என்று ஒன்று இருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுவசதிக்கும் எதுவும் மிஞ்சாது என்பது அவர் கவலை. பள்ளிக்கூடத்துக்காரனான எனக்கு அது புரிகிறது. ஆனால் ஆயுதத்துக்கு ஒதுக்கிய 470 கோடியைச் செலவு செய்யவே முடியாது, அதற்கு வேண்டிய இரும்பும் இயந்திரமும் ஆட்களும் நாட்டில் இல்லை என்று பெவன் சொன்னார். ஆட்சிக்கு வந்த சர்ச்சில் அதே வருடம் டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் காலத்துக்குள் முடிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். பெவன் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டார் என்று குத்தலாகச் சொன்னார். அதாவது பல் செட்டில் பிடித்த மிச்சம் எதற்கென்று பிடித்தார்களோ அந்தச் செலவே நினைத்தபடி நடக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

1952இல் சர்ச்சில் அரசு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங், பல் சிகிச்சைக்கு ஒரு பவுண்டு என்று வசூலிக்கத் தொடங்கியது. சட்டத்தை எழுதி வைத்தது தொழிற்கட்சி, வசூலித்தது கன்சர்வேடிவ் கட்சி. இருந்தும் கஜானாவுக்குத் திருப்தி இல்லை. இந்தச் சேவையில் எங்கெங்கே ஊதாரித்தனம் என்று கண்டுபிடித்துச் சொல்ல 1953இல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் கிளாட் கில்லிபோ, கேம்பிரிட்ஜ் பொருளாதாரப் பேராசான். வெட்டச் சொல்லி அறிக்கை வரும் என்று காத்திருந்தார்கள்.

கணக்கு போட அந்தக் குழுவுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பிரையன் ஏபல்-ஸ்மித், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 27 வயதுப் பையன். அவருக்கு வழிகாட்டியாக ரிச்சர்டு டிட்மஸ். இந்த டிட்மஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பல வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் குமாஸ்தா. பட்டம் எதுவும் கிடையாது. அந்த மனிதர் 1950இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர் ஆனார். இரண்டு வருடப் பயிற்சிப் பட்டயத்தை மட்டும் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இவர் மேல் தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை. காப்பீட்டுத் துறை மாணவரே, உங்கள் ஆள்தான் இவர்.

அவர்கள் செய்தது இது. உங்கள் வீட்டு மளிகைச் செலவு ஐந்து வருடத்துக்கு முன்னால் மாதம் 5,000, இன்று 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊதாரி என்று சொல்வீர்களா? முதலில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று கழிக்க வேண்டும். வீட்டில் ஒரு மருமகளும் ஒரு குழந்தையும் கூடியிருந்தால் தலைக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். புதிதாக வாங்கிய கிரைண்டரை மளிகையில் சேர்த்திருந்தால் பிரிக்க வேண்டும். கடைசியாக, குடும்ப வருமானம் எவ்வளவு ஏறியது, அதில் மளிகை எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பற்றிப் பேசலாம்.

இதே வேலையை அவர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவக் கணக்கில் செய்தார்கள். அதுவரை அரசாங்கம் வைத்திருந்தது வெறும் ரொக்கப் புத்தகம். பார்வைக்கு 1949-50இல் சுமார் 37 கோடி பவுண்டாக இருந்த நடைமுறைச் செலவு 1953-54இல் 43 கோடியாக ஏறியிருந்தது. விலைவாசியைக் கழித்தால் ஏற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. மக்கள் தொகையால் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஆன செலவு ஏறத்தாழ அப்படியே நின்றது. நாட்டு உற்பத்தியில் என்ன பங்கு என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். 100 பவுண்டு வருமானத்தில் 3.75 பவுண்டு போய்க்கொண்டிருந்தது, 3.25 ஆகக் குறைந்திருந்தது! நாடே எகிறுகிறது எகிறுகிறது என்று அலறிக்கொண்டிருந்த ஐந்து வருடமும் அது இறங்கிக்கொண்டிருந்தது.

வேறொன்றையும் கண்டார்கள். புதுக் கட்டடத்துக்கும் கருவிக்கும் ஆகிற மூலதனச் செலவு போருக்கு முன் 1938-39இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மருத்துவமனைகளில் 45 சதவீதம் 1891க்கு முன் கட்டியவை. ஊதாரித்தனத்தைத் தேடப் போனவர்கள், போதுமான அளவு செலவு செய்யவில்லை என்ற பதிலோடு திரும்பினார்கள். அறிக்கை 1956 ஜனவரியில் வெளிவந்தது. பெரிய வெட்டு எதையும் சிபாரிசு செய்யவில்லை. பத்திரிகைகள் அதற்குக் கொடுத்த இடம் டோப்பா கதைக்குக் கொடுத்ததில் கால்வாசி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் தனிக் கருத்து ஒன்று. 1948க்கு முன்னாலும் பிரிட்டன் மக்கள் வைத்தியத்துக்குச் செலவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். டாக்டர் வீட்டுக்கு வந்தால் காசு, மருந்துக் கடையில் காசு, ஆஸ்பத்திரிக்கு வாரச் சந்தா, அடகுக் கடை வட்டி. அது லட்சக்கணக்கான வீடுகளில் சிதறிக் கிடந்ததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே பேரேட்டுக்கு வந்தபோது புதுச் செலவு மாதிரித் தெரிந்தது. நம் அதிகாரி மாணவர் "எந்த கஜானா தாங்கும்" என்று கேட்டபோது மருத்துவர் மாணவர் நகையைக் காட்டினாரே, இரண்டு பேரும் பேசியது ஒரே தொகையைப் பற்றித்தான்.

அதற்காக அதிகாரி சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். பெவரிட்ஜ் நினைத்தது நடக்கவில்லை. புது மருந்து, புது இயந்திரம், நீண்ட ஆயுள் எல்லாம் சேர்ந்து, இன்று பிரிட்டனில் பொதுவும் தனியாரும் சேர்த்து நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறது. 1956 அறிக்கை அந்த ஐந்து வருடத்துக்கான பதில். எல்லாக் காலத்துக்கும் அதையே காட்டி வாதாடினால் அதுவும் கணக்கில் மோசடி.

அந்தச் சிக்கனத்திலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மருத்துவமனைகளை ஓட்டியவர்களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த நர்சுகளும், இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போன இளம் டாக்டர்களும் ஏராளம். நம் மருத்துவப் பட்டங்களை 1975 வரை பிரிட்டன் அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்த டாக்டரை ஐந்தாறு வருடம் படிக்கவைத்த செலவு யாருடையது? இங்கே தீப்பெட்டிக்கும் துணிக்கும் வரி கட்டியவனுடையது. லண்டன் பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இதே காலத்தில் நமக்கும் ஒரு திட்டம் இருந்தது. 1943இல் அமைத்த ஜோசப் போர் குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. பணம் இல்லை என்பதால் ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாது என்றது. முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். அது தனிப் பதிவுக்கான விஷயம். பொங்கலுக்குப் பிறகு எழுதப் பார்க்கிறேன்.

கடைசியில் யார் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அட்லி ஓய்வு பெற்றபோது 1955 டிசம்பரில் கட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. கெய்ட்ஸ்கெல் 157 ஓட்டு, பெவன் 70. கில்லிபோ அறிக்கை வந்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. பெவன் 1960இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். கெய்ட்ஸ்கெல் 1963 ஜனவரியில் லண்டனில் ஒரு என்.எச்.எஸ். மருத்துவமனையில் இறந்தார். வயது 56. பிரதமர் ஆகவே இல்லை. பெவனோடு சேர்ந்து பதவி விலகிய ஹரால்டு வில்சன் பிரதமர் ஆனார். 1965இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை ஒழித்தார். 1967இல் பவுண்டு மறுபடி விழுந்தது. 1968இல் அதே வில்சன் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் விலக்குக் கொடுத்து. பெவனின் வேல்ஸில் அது 2007இல் நீங்கியது. இங்கிலாந்தில் இன்றும் வாங்குகிறார்கள், ஆனால் விலக்குகள் போக, பத்து மருந்தில் ஒன்பது காசில்லாமல்தான் போகிறது. அப்படியானால் மீதி ஒன்றை வசூலித்து என்ன மிச்சம் என்று அங்கே இப்போதும் சண்டை நடக்கிறது. அங்கே மருந்தகத்தில் வேலை செய்கிற நம் மாணவி ஒருவர் இருக்கிறார். அம்மா, நேரம் கிடைக்கும்போது கவுன்டரில் நீ பார்க்கிறதை இங்கே எழுது. நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.